கெனற் ஆற்றுக் கிறேஃபிஷ்: கூடு வைப்பதிலிருந்து குழம்புச் சட்டி வரை

கோடைகாலத்து மாலையொன்றில் இங்கிலாந்தின் றெடிங் நகரை அண்டிய கெனற் ஆற்றங்கரையில் நின்று, ஆழம் குறைந்த இடத்துக் கற்களுக்கிடையே கூர்ந்து பார்த்தால், சிங்கி இறாலின் குட்டியோ என்று ஐயுற வைக்கும் ஓர் உயிரினம் இரு கொடுக்குகளையும் முன்னே நீட்டியபடி நகர்வதைக் காணலாம். அதுதான் சிக்னல் கிறேஃபிஷ். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குரிய இந்த நன்னீர் உயிரி, பண்ணைகளில் வளர்த்து விற்பதற்காக 1970களின் நடுப்பகுதியில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, குளங்களிலிருந்து ஊர்ந்து தப்பி ஆறுகளில் குடியேறிவிட்டது. ஆற்றின் கரைகளில் வளை தோண்டி மண்ணைச் சரியச் செய்வதும், மீன் முட்டைகளையும் நீர்ப்பூச்சிகளையும் தின்று தீர்ப்பதும் ஒருபுறமிருக்க, தன்னைப் பெரிதாகப் பாதிக்காத ஒரு கொள்ளைநோயைச் சுமந்து வந்து, இங்கே இயற்கையாக வாழ்ந்துவரும் நாட்டு இனமான வெள்ளைக் கொடுக்குக் கிறேஃபிஷை ஆறு ஆறாக அழித்துவருகிறது என்பதே பெருந்துயரம். அந்நோய் இங்கிலாந்தில் முதன்முதலில் உறுதிசெய்யப்பட்டது 1981இல், லண்டனை ஒட்டி ஓடும் லீ ஆற்றில்.

இதைப் பிடித்து உண்ணலாம், நன்றாகவும் இருக்கும். ஆனால் பிடிக்கத் தொடங்குபவர் தம்மையறியாமலே அதைப் பரப்புபவராகவும் ஆகிவிடக்கூடும் என்பதால், சமையலுக்குச் செலவிடும் கவனத்தைவிட அதிக கவனத்தை மற்றப் படிகளுக்குச் செலவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

படி 1: அனுமதி

இங்கிலாந்தில் கிறேஃபிஷ் பிடிக்கக் கூடு வைப்பதற்குச் அரசின் சுற்றுச்சூழல் முகமையின் (Environment Agency) எழுத்துமூல அனுமதி வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. கரையின் உரிமையாளரிடமும் தனியாகச் சம்மதம் பெறவேண்டும். அனுமதி கிடைத்ததும் முகமை தரும் அடையாளச் சீட்டுகளை ஒவ்வொரு கூட்டிலும் கட்டவேண்டும். நாட்டுக் கிறேஃபிஷ் இன்னும் வாழும் நீர்நிலைகளுக்கு அனுமதி எதிர்பார்க்க வேண்டாம். அங்கே கூடு வைக்காமலிருப்பதே அவற்றுக்குச் செய்யும் நன்மை. ஸ்கொட்லாந்தின் சட்டம் வேறு, இதைவிடக் கடுமையானது. ஆகவே அங்குள்ளவர்கள் இந்த விளக்கத்தைப் பின்பற்றக் கூடாது.

படி 2: கூடும் இரையும்

யாழ்ப்பாணக் களப்பில் கூடு வைத்து மீன் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கூடு புதிதாகத் தோன்றாது. உள்ளே போவது எளிது, வெளியே வருவது கடினம் என்ற அதே புனல் வாய்தான் இதிலும் இருக்கிறது. நீளம் 600 மில்லிமீற்றருக்கும், அகலம் 350 மில்லிமீற்றருக்கும், வலைக்கண் 30 மில்லிமீற்றருக்கும் மேற்படாத கூட்டை வாங்குங்கள். வாயின் விட்டம் 95 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நீர்நாய் உள்ளே நுழைந்து மூச்சுமுட்டி இறந்துவிடும்.

இரைக்குக் கடல்மீனின் தலையே போதும். எண்ணெய்ப்பசை மிகுந்த கானாங்கெளுத்தி மீன் மிகவும் ஏற்றது. வேறோர் ஆற்றிலோ குளத்திலோ பிடித்த மீனை இரையாக வைப்பது அந்நீரின் நோயை இந்நீருக்குக் கொண்டுவருவதாகிவிடும்.

படி 3: கூடு வைத்தல்

கிறேஃபிஷ் இரவில் இரை தேடுவது. வைகாசி முதல் புரட்டாதி வரை, நீர் வெதுவெதுப்பாக இருக்கும் காலத்தில், பொழுது சாயும் வேளையில் கரையோர மரவேர்களுக்கும் கற்களுக்கும் அருகே, ஓட்டம் மந்தமான இடத்தில் கூட்டை அடியில் படியும்படி இறக்குங்கள். கயிற்றை உறுதியான மரத்தில் கட்டுங்கள். நான் முதலாண்டில் நாணற்றண்டு ஒன்றில் கட்டிவிட்டுப் போய், மறுநாள் தண்டும் இல்லை, கூடும் இல்லை என்று நின்றேன். ஆற்றடியில் கிடக்கும் அந்தக் கூடு தன்பாட்டில் உயிர்களைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருந்திருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது. மறுநாள் காலையில் தவறாமல் கூட்டைத் தூக்கிப் பாருங்கள்.

படி 4: இனங்காணல்

இப்படியில் அவசரம் கூடவே கூடாது. கூட்டைப் புல்லின்மேல் வைத்ததும் உள்ளிருப்பவை வாலைச் சடசடவென்று அடித்து ஒரு மூலைக்குப் பின்வாங்கி, கொடுக்குகளை உயர்த்திக் காட்டும். கொடுக்குகள் எட்டாதபடி முதுகோட்டைப் பின்புறமாகப் பிடித்துத் தூக்குங்கள். கொடுக்கு விரியும் மூட்டில் பாலும் நீலமும் கலந்தாற்போன்ற வெண்திட்டு ஒன்று பளிச்சென்று தெரியும். 'சிக்னல்' என்ற பெயர் அதனால்தான் வந்தது. பிறகு திருப்பிப் பாருங்கள்: கொடுக்கின் அடிப்பகுதி சிவந்திருந்தால் சிக்னல், வெளிறிய வெண்மையாக இருந்தால் அது பெரும்பாலும் நாட்டுக் கிறேஃபிஷ், அதைத் தொந்தரவு செய்யாமல் அதே இடத்தில் உடனே விட்டுவிட்டு, கூடுகளை எடுத்துக்கொண்டு, முகமைக்கு அறிவியுங்கள். நாட்டு இனத்தைப் பிடிப்பது குற்றம்.

சிக்னல் என்று உறுதியானால், சிறியதாயினும் திரும்ப ஆற்றில் விடக் கூடாது. சிறியதை விட்டுப் பெரியதை எடுப்பது நல்ல மீனவரின் பழக்கம்தான். இங்கே அப்பழக்கத்தை மறந்துவிட வேண்டும்.

படி 5: கரையிலேயே கொல்லுதல்

உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் நல்ல நீரில் விட்டுக் குடலைச் சுத்தம் செய்யும்படி பழைய சமையற்குறிப்புகள் சொல்லும். அதைச் செய்யாதீர்கள். ஆக்கிரமிப்பு உயிரினங்கள் தொடர்பாக 2019இல் வந்த சட்ட ஆணையின்படி, அனுமதியின்றி இவற்றை உயிருடன் கொண்டுசெல்வதும் வைத்திருப்பதும் குற்றம். வாளியிலிருந்து ஒன்று தப்பினாலும் புதியதொரு குளம் கெட்டுப்போகும் என்பதை நினைத்தால், இந்தச் சட்டம் மிகவும் நியாயமானது.

ஆகவே குளிர்ப்பெட்டியில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் நீரும் கலந்து எடுத்துச்சென்று, பிடித்தவற்றை அதில் அசைவு முற்றாக அடங்கும்வரை அமிழ்த்தி வையுங்கள். குறைந்தது 20 நிமிடமாவது ஆகும். பிறகு கூரிய கத்தியால் தலையின் நடுக்கோட்டில் நெடுக்காக ஒரே வெட்டில் பிளக்கவும். இறாலும் நண்டும் வலியுணரும் உயிர்கள் என்பதை 2022ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உண்பதற்காகக் கொல்கிறோம் என்றாலும் வதைத்துக் கொல்ல வேண்டியதில்லை.

இறந்த கிறேஃபிஷின் சதை விரைவில் குழைந்துவிடும். எனவே அங்கேயே வாலையும் பெரிய கொடுக்குகளையும் முறுக்கிப் பிரித்து ஐஸில் போடுங்கள். தலைகளை ஆற்றில் வீசாமல் பையில் கட்டி வீட்டுக் குப்பைக்குக் கொண்டுபோங்கள்.

படி 6: சுத்தம் செய்தலும் அவித்தலும்

வால்விசிறியின் நடு இதழை இடமும் வலமும் மெல்ல முறுக்கி இழுத்தால், கருநிற நூல்போலக் குடல் முழுதாக வெளிவரும். பாதியில் அறுந்தால், அவித்த பின் முதுகைக் கீறி எடுத்துவிடலாம். உப்பிட்ட கொதிநீரில் வால்களையும் கொடுக்குகளையும் ஐந்து முதல் ஏழு நிமிடம் அவித்தால் ஓடு செக்கச்செவேல் என்றாகும். அரைவேக்காட்டில் உண்ணக் கூடாது. இறாலோ நண்டோ ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாது. ஓட்டோடு ஒரு கிலோ பிடித்தால் சதை 150 கிராம் தேறினாலே பெரிது, ஆகையால் ஓட்டை எறிந்துவிடாதீர்கள். இடித்து, கொஞ்சம் எண்ணெயில் வறுத்து, நீர் விட்டு அரைமணி நேரம் காய்ச்சி வடித்தால், குழம்பின் உயிரே அந்தச் சாற்றில்தான் இருக்கும்.

படி 7: குழம்பு

நண்டுக் குழம்பின் வழியே இதற்கும் பொருந்தும். வெந்தயம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, வெங்காயம், உள்ளி, பச்சைமிளகாய் ஆகியவற்றை வதக்கி, இரண்டு மேசைக்கரண்டி யாழ்ப்பாணத்துக் கறித்தூளைப் போட்டு, ஓட்டுச்சாற்றையும் கரைத்த பழப்புளியையும் விட்டுக் கொதிக்கவிடுங்கள். பச்சை வாசனை போனதும் தேங்காய்ப்பால் விட்டு, குழம்பு தடித்த பின்னரே அவித்த சதையைச் சேர்த்து, இரண்டு நிமிடத்தில் ஒரு பிடி முருங்கையிலையைத் தூவி இறக்குங்கள். சதையை முன்கூட்டியே போட்டால் றப்பராகிவிடும். புட்டுடன் உண்ண மிகப் பொருத்தமாக இருக்கும்.

படி 8: கூட்டைக் காயவைத்தல்

கூடு வைப்பதால் ஆறு காப்பாற்றப்படுகிறது என்று சிலர் நம்புகிறார்கள். வட யோர்க்சயரின் சிற்றாறு ஒன்றில் நீரை வற்றவைத்து எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், இரை வைத்த கூடுகளில் அகப்படக்கூடிய பருமன் கொண்டவை மொத்தத்தில் 2.3 வீதம் மட்டுமே எனக் கண்டார்கள். எஞ்சியவை எல்லாம் அதைவிடச் சிறியவை. நாம் உண்பதால் ஆற்றில் அவை குறைந்துவிடப் போவதில்லை. நம்மால் அடுத்த ஆற்றுக்கு அவையோ அவற்றின் நோயோ போகாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது. நோயின் வித்துகள் ஈரமுள்ள வலையிலும் சப்பாத்தின் சேற்றிலும் உயிரோடு பயணிக்கும்.

ஆதலால் சமைக்கப் போகுமுன்பே, கூடு, கயிறு, கையுறை, சப்பாத்து அனைத்திலும் ஒட்டிய சேற்றையும் பாசியையும் கரையிலேயே துடைத்துவிட்டு, வீட்டில் 45 பாகை செல்சியஸ் வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, வெயிலில் தொங்கவிடுங்கள். முழுதாகக் காய்ந்த பின்னும் 48 மணி நேரம் அப்படியே விட்டுவைக்க வேண்டும். கயிற்று முடிச்சுகளை அவிழ்த்துப் போடுங்கள். வெளியே காய்ந்திருக்கும்போதும் முடிச்சின் உள்ளே விரலால் அழுத்தினால் ஈரம் கசிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.