செயற்கைக்கோள் படத்திலிருந்து புயலின் வலிமையை மதிப்பிடுவது எப்படி

நடுக்கடலில் சுழலும் புயலின் காற்று வேகத்தைக் கருவி கொண்டு நேரில் அளக்கும் வாய்ப்பு மிக அரிது. கப்பல்கள் விலகிப் போய்விடும். ஆய்வு விமானங்கள் வழக்கமாகப் புயலுக்குள் பறப்பது அட்லாண்டிக் பெருங்கடலிலும் அதற்கு அடுத்துள்ள சில பகுதிகளிலும்தான். ஆகவே உலகின் பெரும்பாலான புயல்களுக்கு அறிவிக்கப்படும் வேகம், மேகங்களின் அமைப்பையும் வெப்பநிலையையும் கொண்டு பெறப்பட்ட மதிப்பீடே. அதற்கான முறையை அமெரிக்க வானிலை அறிஞர் வெர்னான் டுவோராக் 1970-களில் உருவாக்கினார். 1984-இல் வெளியான அதன் விரிந்த வடிவமே இன்றும் வானிலை மையங்களில் அடிப்படையாக இருக்கிறது. படங்கள் இணையத்தில் உடனுக்குடன் கிடைப்பதால், பொறுமையுள்ள எவரும் இதைப் பழகலாம்.

முதலில், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுழலும் புவிநிலைச் செயற்கைக்கோளின் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் ஹிமாவரி போன்றவை 10 நிமிடத்துக்கு ஒருமுறை முழுக் காட்சியையும் பதிவு செய்கின்றன. ஒற்றைப் படத்தை நம்பாமல், குறைந்தது ஆறு மணி நேரப் படங்களைத் தொடராக ஓடவிட்டுப் பாருங்கள். பகலில் கண்ணுறு ஒளிப் படம் தாழ்வான மேகங்களைத் தெளிவாகக் காட்டும். அகச்சிவப்புப் படம் இரவு பகல் இரண்டிலும் கிடைக்கும். ஆனால் அது காட்டுவது மேக உச்சியின் வெப்பநிலையைத்தான், அதன் அடியில் வீசும் காற்றை அல்ல.

அடுத்து மையத்தைக் குறிக்க வேண்டும். என் பார்வையில் முழு முறையிலும் அதிகக் கவனம் கேட்கும் வேலை இதுவே, ஏனெனில் மையம் தவறினால் அதன்பின் அளக்கும் ஒவ்வொன்றும் தவறிவிடும். புயலின் நடுவே மேகமற்ற வட்டமாகத் தெரியும் கண் திறந்திருந்தால் சிக்கல் இல்லை. கண் இல்லாதபோது, மிகக் குளிர்ந்த மேகத்தின் நடுப்புள்ளியையே மையமாகக் கொள்ளும் ஆசை எழும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மேலடுக்கில் சிதறும் மெல்லிய மேகங்களை விட்டுவிட்டு, கடலுக்கு அருகிலுள்ள தாழ்மேகக் கோடுகள் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றன என்று பாருங்கள். அந்தச் சுழற்சி வட அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகவும் தென் அரைக்கோளத்தில் வலஞ்சுழியாகவும் இருக்கும். செயற்கைக்கோள் சாய்வாகப் பார்க்கும் இடங்களில், உயர்ந்த மேகத்தின் உச்சி அதன் உண்மையான இடத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளித் தெரியக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பின்னர், முந்தைய மையங்களோடு இணைத்துப் பாருங்கள். பாதை காரணமின்றித் திடீரென வளைந்தால், அந்தக் குறியை மறுபடியும் சோதிக்க வேண்டும்.

மையம் உறுதியானபின் மேகங்களின் அமைப்பை வகைப்படுத்துங்கள். தொடக்க நிலையில் பெரும்பாலும் வளைந்த மேகப் பட்டையே தெரியும். அதன் உள்வளைவை ஒட்டி, டுவோராக் பரிந்துரைத்த, 10 பாகைச் சாய்வில் விரியும் சுருள்கோட்டைப் பொருத்தி, பட்டை மையத்தை எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது என்று அளக்க வேண்டும். ஏறத்தாழ அரை வட்டமானால், புயலின் வலிமையைக் குறிக்கும் டுவோராக் அளவான டி-எண் 2.5, முழு வட்டத்தை நெருங்கினால் 3.5. உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறுபடும் காற்று முறிவு வலுவாக இருந்தால், மையம் வெளியே தெரிய, இடிமேகங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அப்போது மையத்துக்கும் குளிர்ந்த மேகத்தின் விளிம்புக்கும் உள்ள தூரமே அளவுகோல். அத்தூரம் குறையக் குறையப் புயல் வலுத்ததாகக் கொள்ளலாம்.

கண் உருவான புயலுக்கு அகச்சிவப்புப் படமே சிறந்தது. கண்ணைச் சுற்றி இடைவெளியின்றி முழு வளையமாக நிற்கும் மேகங்களில் மிகக் குளிர்ந்த அடுக்கைக் கண்டறியுங்கள். அந்த வளையத்துக்குப் போதிய அகலமும் இருக்க வேண்டும். வளையம் மைனஸ் 64 முதல் மைனஸ் 69 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் 5.5 என்றும், மைனஸ் 70 முதல் மைனஸ் 75 வரை இருந்தால் 6.0 என்றும் தொடங்குவார்கள். கண்ணின் உட்பகுதி எவ்வளவு வெப்பமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு எண் உயரும். காரணம் எளிது: கண்ணுக்குள் கீழிறங்கும் காற்று அழுத்தத்தால் சூடாகி மேகங்களைக் கரைக்கிறது, கண்ணைச் சுற்றிய மேகச் சுவரிலோ காற்று வேகமாக மேலெழுந்து உச்சியைக் குளிர்விக்கிறது. இரண்டும் ஒருசேரத் தெரிந்தால், புயலின் இயக்கம் முழு வீச்சில் இருக்கிறது என்று பொருள்.

இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். சில வேளைகளில் புயலின் மேல் வடிவமற்ற, மிகக் குளிர்ந்த பெரும் மேகத்திரள் திடீரெனப் படர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். பார்ப்பவருக்கு அது அசுர வளர்ச்சியாகத் தோன்றினாலும், பெரும்பாலும் வளர்ச்சி தடைபட்டதன் அடையாளமே அது.

பெற்ற எண்ணை 24 மணி நேரத்துக்கு முந்தைய எண்ணோடு ஒப்பிடுங்கள். இயல்பான வளர்ச்சி நாளொன்றுக்கு ஓர் எண். ஒன்றரை என்றால் வேகமான வளர்ச்சி. புயல் வலுவிழக்கும்போது மேகங்கள் முதலில் சிதையும், காற்று சற்றுத் தாமதித்தே தணியும். அதனால் ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு அறிவிப்பு எண்ணைக் குறைக்காமல் வைத்திருப்பது வழக்கம். இந்த விதியைத் தவிர்ப்பது ஆபத்தானது. படம் கலைந்துவிட்டது என்பதற்காகக் கடலில் காற்று ஓய்ந்துவிடாது.

எண்ணை வேகமாக மாற்றும் அட்டவணைப்படி 2.5 என்பது 35 நாட், 4.0 என்பது 65 நாட், 5.0 என்பது 90 நாட், 6.0 என்பது 115 நாட், 7.0 என்பது 140 நாட், உச்ச அளவான 8.0 என்பது 170 நாட். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். இவை ஒரு நிமிடச் சராசரிக் காற்றுக்கானவை. 10 நிமிடச் சராசரியைப் பயன்படுத்தும் மையத்தின் அறிவிப்போடு ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

துருவச் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் புயலின் மேல் கடக்கும் நேரங்களில் அவற்றின் தரவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 89 கிகாஹெர்ட்ஸ் போன்ற நுண்ணலைப் படங்கள் மேல்மேகத்தை ஊடுருவி, உள்ளே உருவாகும் கண்சுவரை முன்கூட்டியே காட்டும். மெட்டாப் செயற்கைக்கோளின் அஸ்காட் கருவி கடற்பரப்பின் அலைநெளிவிலிருந்து காற்றைக் கணிக்கிறது. மிதமான காற்று எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதற்கு அது நம்பகமானது, தீவிரப் புயலின் மையப்பகுதிக்கோ அது குறைத்தே காட்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான தானியங்கி டுவோராக் முறையையும் ஒப்பிடலாம்; ஆனால் கண் தெளிவாகத் திறப்பதற்கு முந்தைய நிலையில் அதன் கணிப்பு ஒரே எண்ணில் தேங்கிவிடுவது உண்டு.

முடிவை எழுதும்போது ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல், அரை எண் கூடவும் குறையவும் இருக்கலாம் என்று குறிப்பிடுங்கள். வலுவான புயலில் அந்த அரை எண்ணே 10 நாட்டுக்கும் மேற்பட்ட வேறுபாடாகும். இந்த அட்டவணை கடலின் மேலுள்ள புயலுக்காக அமைந்தது; மையம் கரையைக் கடந்தபின் தரைக் கருவிகளின் அளவீடுகளுக்கும் ரேடாருக்கும் மாறிவிட வேண்டும்.