மாதச் சம்பளக்காரருக்கு ஓவர்டைம் உண்டா? நீங்களே பார்த்துவிடலாம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையர் (தூளைக் காய வைக்கும் மெஷின்) சூப்பர்வைசராக இருந்தேன். சீசனில் பச்சை இலை லாரி ராத்திரி ஒன்பதுக்கு வந்தாலும் விடிய விடிய மெஷினை ஓட்டித்தான் ஆக வேண்டும்; போட்டு வைத்தால் இலை சூடேறிக் கெட்டுவிடும். இலை உருட்டும் ரோலரில் நின்றவர்களுக்கு ஓவர்டைம் பணம் (ஓ.டி.) வந்தது. எனக்கு, "நீங்க மாசச் சம்பளம், அதுவும் சூப்பர்வைசர்" என்ற பதில்தான். அந்தப் பாக்கியை வாங்கிய வழி இது.

முதலில், மாதச் சம்பளம் என்பதை மறந்துவிடுங்கள். அதனால் மட்டும் ஓ.டி. போய்விடாது.

அடுத்தது 'சூப்பர்வைசர்' என்ற பெயர்; அதில்தான் நான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டேன். அடையாள அட்டையில் இருந்த பதவியைப் பார்த்து நானே ஒதுங்கிவிட்டேன். பதவிப் பெயரை அல்ல, முக்கியமாகச் செய்யும் வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. ஒரு வாரம் மணிவாரியாக எழுதிப் பாருங்கள். நான் எழுதியபோது நாளில் முக்கால்வாசி ட்ரையர் சூடு பார்ப்பதிலும், தூளை உள்ளங்கையில் நசுக்கிப் பார்ப்பதிலும் போயிருந்தது. ஆளை வேலைக்கு எடுக்கவோ லீவு கொடுக்கவோ எனக்கு அதிகாரமே இல்லை.

அப்புறம் ஆதாரம். செல்போன் ஆப்பெல்லாம் வேண்டாம், நோட்டும் பேனாவும்தான் நல்லது. அன்றன்றைய பக்கத்தை ஃபோட்டோ எடுத்து வையுங்கள். எனக்குக் கைகொடுத்தது ட்ரையர் ரெஜிஸ்டர்: ராத்திரி இரண்டு மணிச் சூட்டுக்கு எதிரே என் கையெழுத்து.

கணக்கு: அடிப்படை 10,400, பஞ்சப்படி 5,200, ஆக 15,600 ரூபாய். 26 நாளால் வகுத்தால் 600, எட்டு மணி நேரத்தால் வகுத்தால் 75. ஓ.டி. இரட்டிப்பு, அதனால் மணிக்கு 150. அலுவலகத்தில் முதலில் பஞ்சப்படியை விட்டுவிட்டு 100 என்றார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, எழுத்தில் கேளுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். தராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். ஊதியச் சட்டத் தொகுப்பில் அதற்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு.

பிறகு சேர்த்தது: 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. இரட்டிப்பு அப்படியே இருக்கிறது, ஓ.டி. பார்க்க உங்கள் சம்மதமும் வேண்டும். குன்னூரிலிருந்து ஒருவர், "சம்பளம் 18,000-ஐத் தாண்டிவிட்டது, அவ்வளவுதானா?" என்று கேட்டிருந்தார். இல்லை. மாதம் 18,000-ஐத் தாண்டினால் ஓ.டி. இல்லை என்ற வரம்பு மேற்பார்வையே முக்கிய வேலையாக உள்ளவர்களுக்குத்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்குச் சம்பளம் எவ்வளவானாலும் ஓ.டி. கிடையாது. மெஷினிலோ கணக்கு மேஜையிலோ வேலை பார்ப்பவருக்கு வரம்பே இல்லை. அவரையும் ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.