இட்டேரியில் நடக்கும்போது கையில் புலப்படம் இருக்கட்டும்

காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கம் ஊருள்ளவர்கள், வெளிநாட்டிலிருந்து பூர்வீக நிலத்தின் காகிதங்களைச் சரிபண்ண வருவதானால், பொங்கலுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். பட்டிப்பொங்கல் ஆசை இழுக்கும்தான், ஆனால் பொங்கலன்று தொடங்கித் தாலுகா ஆபீஸ் வரிசையாகப் பூட்டிக் கிடக்கும். கார்த்திகையில் போங்கள். ஐப்பசி மழையில் கொறங்காடெல்லாம் கொழுக்கட்டைப்புல் எழும்பியிருக்கும்.

கொறங்காடு சும்மா கிடக்கிற தரிசு இல்லை. மழை குறைந்த மேட்டு நிலத்தில் புல்லும் வெள்வேல மரமும் நிற்க, சுற்றிலும் கிளுவை வேலி போட்டு வளர்த்த மேய்ச்சல் காடு. வேலி கெட்டியாக இருந்தால் கடவை (வேலி வாசலை) சாத்திவிட்டு வந்துவிடலாம், மேய்க்க ஆள் தேவையில்லை. கோடையில் புல் தீர்ந்தாலும் உதிரும் வேலங்காய் ஆட்டுக்குத் தீனி. காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதம் வாக்கில் வெளுக்கும். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இரண்டு தோட்டத்து வேலிக்கு நடுவே வண்டி போகிற தடம்தான் இட்டேரி. வெயில் ஏறும் முன் நடந்தால் பிரண்டையும் கோவைக்கொடியும் படர்ந்த கிளுவைக்குள்ளிருந்து கௌதாரி குறுக்கே ஓடும். வேலியைப் பிடுங்கிக் கம்பி போட்ட இடங்களில் இதெல்லாம் போய்விட்டது. அடுத்து போகப்போவது தடமேதான். அதனால்தான் புலப்படம், அதாவது நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் சர்வே வரைபடம்.

கிளம்பும் முன்பே தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் சிட்டா (நிலம் யார் பெயரில் என்ற விவரம்), அ-பதிவேடு (சர்வே எண் வாரியாக நிலத்தின் வகை சொல்லும் பதிவேடு), புலப்படம் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாரு (தாத்தா) காலத்துப் பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே எண். 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யுடிஆர் வேலையில் எண்ணும் உட்பிரிவும் மாறிப்போன நிலங்கள் உண்டு, அப்போது பெயரே தவறி ஏறியதும் உண்டு. எந்தப் பழைய எண் எந்தப் புது எண்ணானது என்று விஏஓவிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பட்டா இன்னும் இறந்தவர் பெயரில் இருந்தால் முதலில் இறப்புச் சான்று, அடுத்து தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, அதன்பிறகே பெயர் மாறுதல். இறப்பை ஒரு வருஷத்துக்குள் பதியாமல் விட்டிருந்தால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும், லீவு அதிலேயே கரைந்துவிடும். பள்ளிச் சான்றில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. மனு திரும்பி வர இது ஒன்றே போதும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி உறுதிமொழியோடு போங்கள். “சீர் செஞ்சாச்சுங்க, அத்தை பேரு எதுக்குங்க?” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். மகள்கள் பெயரை விட்டு வாங்குகிற வாரிசுச் சான்று ஒரே ஆட்சேபணையில் விழும், அத்தைக்குச் செய்கிற அநியாயமும்கூட. வேலை முடியாமல் திரும்ப நேர்ந்தால் பட்டா வேலைக்கு மட்டும் பவர் கொடுங்கள், விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு, அது இந்தியா வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும்.

இதற்கிடையில் பெரியப்பா ஒரு விடுதலைப் பத்திரத்தை, அதாவது உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை, நீட்டுவார். “ஒரு கையெழுத்துதானே கண்ணு, போட்டுட்டுப் போயிரு.” நாம் இல்லாத வருஷமெல்லாம் வேலி அடைத்தவர், கிணறு தூர் வாரியவர் அவர். அந்தப் பாடுக்கு ஈடு கேட்பது நியாயம். பணமாகவோ பங்காகவோ பேசிக் கொடுங்கள். ஆனால் வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) உட்கார்ந்தபடி, படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் இங்கே விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வந்ததை விட்டால் மறுபடி கிடைக்காது.

பழைய நிலப் பத்திரத்தில் இரண்டு வரிகளை விரல் வைத்துப் படியுங்கள்: கிணற்றில் எத்தனையில் எத்தனை பங்கு, ‘மாமூல் வண்டித் தடபாத்தியம்’ (வழக்கமாக வண்டி போய்வரும் வழி உரிமை) எந்தத் திசையில். பிறகு இட்டேரிக்குப் போங்கள். அ-பதிவேட்டில் அது வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றிருந்தால் யாரும் அடைக்க முடியாது. பட்டா நிலத்துக்குள் போனால் அந்தப் பத்திர வரிதான் காப்பு. வேலி நகர்ந்திருக்கிறது என்று தோன்றினால் பங்காளியோடு வாய்ச்சண்டை வேண்டாம், கட்டணம் கட்டி சர்வேயரை வைத்து அளந்து கல் நடச் சொல்லுங்கள். விட்டுப்போன இடத்தில் அந்த மழையிலேயே கிளுவைப் போத்து நடச் சொல்லிக் கூலி கொடுத்துவிட்டு வாருங்கள். குச்சி வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும்.