மேற்பரப்பு அலை மாடலை நம்பலாமா என்று சோதிப்பது எப்படி

நிலநடுக்கத்தின்போது தரையை ஒட்டிப் பரவும் மேற்பரப்பு அலைகளைக் கொண்டு, பூமிக்குள் எஸ் அலை (பக்கவாட்டில் குலுக்கியபடி செல்லும் நிலநடுக்க அலை) வேகம் எப்படி மாறுகிறது என்று காட்டும் மாடல் ஒன்றை இறக்கிவைத்துவிட்டீர்கள், சிவப்பும் நீலமுமாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. சரி, வேகம் இத்தனை சதவீதம் கூட, குறைய என்று அந்த நிறங்கள் சொல்கின்றனவே, அந்தச் சதவீதம் எதனோடு ஒப்பிட்டது? பெரும்பாலும் 1981-இல் வந்த பிரெம் (PREM) என்ற சராசரிப் பூமி மாடலோடு. பிரெமில் 220 கி.மீ. ஆழத்தில் வேகம் திடீரென்று தாவும். புது மாடலில் அந்தத் தாவல் இல்லையென்றால், ஒப்பிட்டதாலேயே படத்தில் பொய்யான ஒரு மாற்றம் முளைத்துவிடும். அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு கி.மீ./நொடி எண்களையே எடுங்கள்.

அப்புறம் மாடலை வேலை வாங்குங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் கீழே உள்ள அடுக்குகளைக் கொண்டு ரேலி (தரையை மேலும் கீழும் ஆட்டுவது), லவ் (பக்கவாட்டில் ஆட்டுவது) என்ற இரு வகை மேற்பரப்பு அலைகளின் கட்ட வேகத்தை (அலை முகடு நகரும் வேகம்) பீரியட் (ஓர் அலைவுக்கு ஆகும் நேரம்) வாரியாகக் கணக்கிட்டு, அளந்த வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தத் தரவில் மாடலைச் செய்தார்களோ அதே தரவோடு அது பொருந்துவதில் பெருமை ஒன்றுமில்லை, ஆகவே அதில் சேராத நிலநடுக்கங்களையோ சுற்றுப்புற அதிர்விரைச்சலில் (நிலநடுக்கம் இல்லாதபோதும் தரையில் இருக்கும் சிறு நடுக்கம்) அளந்த வேகங்களையோ தேடுங்கள். மொத்தப் பிழையை ஒரே எண்ணாகச் சொன்னால் ஏற்காதீர்கள். ரேலி அலை அதிகம் உணர்வது தோராயமாக அலைநீளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்தை: 30 நொடி அலைக்கு 35 கி.மீ. போல, 100 நொடி அலைக்கு 130 கி.மீ. போல. எந்தப் பீரியடில் பிழை குவிகிறது என்று பார்த்தாலே எந்த ஆழத்தில் கோளாறு என்று ஓரளவு தெரிந்துவிடும்.

நான் முதலில் பார்ப்பது திபெத். அங்கே மேலோடு சுமார் 70 கி.மீ. தடிமன், வழக்கமான கண்டத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. மேலோட்டை மெல்லியதாக முன்கூட்டியே நிலைநிறுத்திவிட்ட மாடல், மெதுவான மேலோட்டில் விட்ட அந்தக் குறையைச் சரிக்கட்ட அடியிலுள்ள மேன்டிலை (மேலோட்டுக்குக் கீழுள்ள பாறை அடுக்கு) தேவைக்கு மேல் மெதுவாக்கிவிடும்.

பிரெமின் வேகங்கள் 1 நொடி பீரியடுக்கானவை. அலை ஆற்றல் இழப்பதால் 100 நொடியில் மேல் மேன்டிலின் மென்மையான பகுதியில் எஸ் வேகம் 2 சதவீதம் வரை குறையும், இதைத் திருத்தாமல் ஒப்பிட்டால் நல்ல மாடலும் தப்பாகத் தெரியும்! ரேலி அலை பொருந்தி லவ் அலை மட்டும் மாடலைவிட வேகமாக வந்தால், குறிப்பாகப் பசிபிக்கின் அடியில், மாடலில் திசைசார்பு (அலை ஆட்டும் திசையைப் பொறுத்து வேகம் மாறுவது) விடுபட்டிருக்கலாம்.

சதுரங்கப் பலகைச் சோதனைப் படங்களை (வேகமும் மெதுவுமான கட்டங்களை மாற்றி மாற்றி வைத்த செயற்கை மாடலைக் கணக்கு மீட்கிறதா என்று காட்டுபவை) நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சிறு கட்டங்கள் மீண்டு வந்தும் பெரிய அமைப்புகள் சிதையலாம் என்று லெவேக் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 1993-லேயே காட்டிவிட்டார்கள். தவிர, வேகம் கண்டபடி ஏறி இறங்காதபடி கணக்கை எவ்வளவு மட்டுப்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்து வேக வேறுபாட்டின் அளவு மாறும். அதனால் ஓரிடம் வேகமா மெதுவா என்பதை நம்புகிற அளவுக்கு, எத்தனை சதவீதம் என்பதை நம்பவேண்டாம்.