குளிரைவிட ஈரம்தான் எமன்

முதல் குளிர்காலத்தில் பசுமைக்குடிலின் இண்டு இடுக்கெல்லாம் அடைத்து, ஹீட்டரும் வைத்தேன். அப்படியும் லெட்டூஸ் (சாலட் கீரை) அழுகியது. அடி இலையைப் புரட்டினால் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரிப் பூஞ்சை. விரல் பட்டதும் புகையாய்ப் பறந்தது. உள்ளே அடைபட்ட ஈரம் கூரையில் படிந்து, விடிய விடியச் சொட்டியதுதான் காரணம்.

இப்போது வெயில் ஏறியதும் மேல் ஜன்னலை ஒரு மணி நேரமாவது திறந்துவிடுகிறேன். தண்ணீர் காலையில், வேரடியில், அதுவும் மண் காய்ந்திருந்தால் மட்டும். கறுப்பு பெயின்ட் அடித்த 200 லிட்டர் டிரம்மில் நீர் நிரப்பி வெயில் படும் இடத்தில் வைத்தேன். பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல விடுகிறது.

பாலக் நன்றாகத் தாங்குகிறது. தக்காளியை விட்டுவிட்டேன், 10 டிகிரிக்குக் கீழே பாவம், அது ஒடுங்கிப்போகிறது. பகல் 10 மணி நேரத்துக்கும் குறைந்தால் கீரைகூட அப்படியே நின்றுவிடும். அதனால் இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே விதைத்துவிடுகிறேன்.