சத்தத்தை அணைத்ததும் பேச்சு வந்தது

மொரீசியஸுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்த புதிதில் எனக்கு இரண்டு குறை. ஊரில் இரவு 8 மணிக்குப் போடும் சீரியல் இங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதால் மாலை 6:30க்கே ஓடிவிடும். அப்போது நான் ரோஸ் ஹில் பேருந்தில் இருப்பேன். சரி, அது போகட்டும். வகுப்பில் நான் பேசுவது பிள்ளைகளுக்குப் புரியவில்லை. பெயர் தமிழ்ப் பெயர், வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர் மொழி.

ஒருநாள், தவறவிட்ட காட்சி ஒன்றை வகுப்பில் சத்தமில்லாமல் ஓட்டினேன். சத்தம் வைத்தால் வேகத்தில் மிரண்டுவிடுகிறார்கள். மாமியார் கரண்டியோடு முறைக்கிறாள். "கி பே அரிவே?" என்றாள் ஒரு சிறுமி. அதையே தமிழில் "என்ன நடக்குது?" என்று பலகையில் எழுதினேன். அப்புறம் மருமகளுக்கு அவர்களே வசனம் கொடுத்தார்கள்: "நான் உப்பு போடல, அத்தை!"

இப்போது வாரம் ஒரு காட்சி, இரண்டே நிமிடம். மாமியார் வேடத்துக்குத்தான் அடிதடி.