பின் ஆக்சில் பேரிங்: மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிக்கப்பின் பின்பக்கம் ‘ஊங்’ என்று சத்தம் வந்தால் முதல் பழி டயர் மேல் விழும். டயரை மாற்றியும் நிற்காவிட்டால் அடுத்த பழி, என்ஜின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடியான கிரௌன் பினியனுக்கு. பேரிங்கைப் பார்க்கும் முன்பே ஒரு தொகை போய்விடும். காசு செலவில்லாமல் பிரித்தறிய வழி இருக்கிறது. டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும். தாரில் ஒரு மாதிரி, கான்கிரீட்டில் ஒரு மாதிரி. கிரௌன் பினியன் கோளாறு என்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தம் மாறும். பேரிங் இது எதையும் சட்டை செய்யாது. அதன் சத்தம் வண்டி வேகத்தோடு ஏறும், வேகத்தோடு இறங்கும். இடப்பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினால் எடை சாயும் வலது பேரிங்கைச் சந்தேகப்படலாம். ஆனால் சத்தம் ஹவுசிங் (ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூடு) வழியாக மறுபக்கமும் பரவும், காதை மட்டும் நம்பிக் கழற்றிவிடக் கூடாது.

ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, “ஃப்ரீயாத்தான் சுத்துது, பேரிங் நல்லாருக்கு” என்று சொல்வது இன்னொரு தவறு. லோடு இல்லாதபோது கெட்ட பேரிங்கும் சமர்த்தாகச் சுற்றும். ஸ்டாண்டு போட்டு வண்டியை நிறுத்தி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையை பேக் பிளேட்டை (டிரம்முக்குப் பின்னால் பிரேக் ஷூவைத் தாங்கும் தகடு) ஒட்டிய ஹவுசிங் மேல் வையுங்கள். காதுக்குக் கேட்காத கரகரப்பு விரலுக்குத் தெரியும். சக்கரத்தை மேலும் கீழுமாக ஆட்டியும் பாருங்கள்.

டிரம்முக்குள் ஆயில் வழிந்தால் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீலை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் நிறைய. பேரிங் தேய்ந்து சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் ஆடினால் புதுச் சீலும் கொஞ்ச நாள்தான் தாங்கும். ஹவுசிங் மேலுள்ள காற்றுத் துவாரமான ப்ரீதர் சேறு அடைத்திருந்தாலும் இதே கதை; உள்ளே சூடேறும் காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். ஆயில் குடித்த பிரேக் ஷூவைத் துடைத்துப் போடவே வேண்டாம், புதிதாக மாற்றுங்கள்.

அதிகம் சொதப்புவது பிரஸ் வேலையில்தான். ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளில் பேரிங்கும் அதைப் பிடித்துக்கொள்ளும் வளையமான காலரும் ஷாஃப்ட்டில் இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். அந்தக் காலரை கேஸ் வைத்து அறுத்தால் சூட்டில் ஷாஃப்ட்டின் பதம் போய்விடும். காலரில் துளை போட்டு, ஷாஃப்ட்டைத் தொடாமல், உளியால் ஒரு தட்டு, விரிந்து கழன்றுவிடும். பழைய காலரைத் திரும்பப் போடவே கூடாது. ஓடும்போது அதன் பிடி விட்டால் சக்கரம், டிரம், ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

ஏற்றும்போது உள் வளையத்தில்தான் அழுத்தம் விழ வேண்டும். வெளி வளையத்தில் அழுத்தினாலோ சுத்தியலால் அடித்தாலோ, குண்டுகள் உட்காரும் பாதையில் குழி விழுந்து புதுப் பேரிங் பட்டறையிலேயே பாழாகும். அப்புறம், பேக் பிளேட்டை முதலில் ஷாஃப்ட்டில் கோத்துவிட்டுத்தான் பேரிங்கை ஏற்ற வேண்டும். இதை மறந்துவிட்டால் ஏற்றிய புதுப் பேரிங்கையும் காலரையும் பிரித்து எறிய வேண்டியதுதான். ஏபிஎஸ் பிரேக்குக்குச் சக்கர வேகத்தைக் காட்டும் வளையம் ஷாஃப்ட்டில் இருந்தால், கழற்றும் முன்பே அதன் இடத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இடம் தவறினால் டேஷ்போர்டில் விளக்கு எரியும்.

ஷெவர்லே, ஃபோர்டு பிக்கப்புகள் பலவற்றில் ஷாஃப்ட்டை டிஃபரன்ஷியலுக்குள் (ஆக்சில் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) ‘C’ வடிவ சி கிளிப் ஒன்று பிடித்திருக்கும். பேரிங்கின் உருளைகள் நேராக ஷாஃப்ட் மேலேயே ஓடும். அங்கே நகத்தால் ஷாஃப்ட்டைத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் ஷாஃப்ட்டும் போச்சு. பேரிங் மட்டும் மாற்றுவது வீண்.

பேரிங் நொறுங்கியிருந்தால் அதன் இரும்புத் தூள் ஆயிலோடு கிரௌன் வரை போயிருக்கும். கவரைக் கழற்றிக் கழுவாமல் பழைய ஆயிலையே விட்டுவைத்தால் அடுத்த செலவு டிஃபரன்ஷியலில் வரும். ஒரே பக்கப் பேரிங் திரும்பத் திரும்பப் போகிறதா? கம்பெனியைத் திட்டிக்கொண்டு இன்னொரு பேரிங் வாங்காதீர்கள். ஓவர்லோடில் ஹவுசிங் வளைந்திருக்கலாம், அல்லது வெளி வளையம் சுழன்று சுழன்று ஹவுசிங் வாயே தேய்ந்திருக்கலாம். லேத் பட்டறையில் கொடுத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.